போரை ஆராயப் போகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் எழுதியது. நீண்ட கடிதம். நாடு, இயக்கம், பல்கலைக்கழகம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்தவர். சிறுவயதில் உள்நாட்டுப் போர் காரணமாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறியிருக்கிறார். தாய்மாமா அந்தப் போரில் காணாமல் போனார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. "சமாதானப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டு வீட்டுக்குத் திரும்பினோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி ஓடினோம். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்கிறார். சமாதானப் பேச்சுகள் ஏன் முறிகின்றன என்பது அவர் தலைப்பு. பேச்சு முறிந்த மூன்று போர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதில் ஒன்று அவருடைய நாட்டுப் போர். நெறியாளரோ "தலைப்பு இருக்கிறது, வடிவமைப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். புள்ளியியல் தெரியாவிட்டால் போர் ஆய்வை யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். இவருக்குக் கணக்கு என்றால் பயம். மோதல்கள் பற்றிய ஒரு பெரிய தரவுத்தளத்தை இறக்கி வைத்திருக்கிறார், அதனால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார். முன்னாள் போராளிகள் இருவரிடம் பேசிக் கைபேசியில் பதிவும் செய்துவிட்டார். "என் குடும்பக் கதையை மறைத்துவிட்டால்தான் நடுநிலையான ஆய்வாளராக ஏற்பார்களா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. ஆய்வு முன்மொழிவைக் கொடுக்க நான்கு மாதங்கள் இருக்கின்றன.

அன்புள்ள ஆய்வாளருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, கைபேசியில் இருக்கும் அந்தப் பதிவுகள், அவைதான் அவசரம்.

முதலில் அந்த ஒலிப்பதிவுகள்

"உங்கள் பெயர் எங்கும் வராது" என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல மனதோடு கொடுத்த வாக்குதான். ஆனால் அதைக் காப்பாற்றுவது முழுக்க உங்கள் கையில் இல்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, ஆய்வாளரிடம் ஒருவர் பேசுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களிடம் 2001 முதல் 2006 வரை ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காகப் பேட்டிகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் அவை பாதுகாக்கப்பட்டன. தாங்கள் உயிரோடு இருக்கும்வரை பதிவு வெளியே போகாது என்று நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். 2011இல் ஒரு பழைய கொலை வழக்குக்காக வட அயர்லாந்துக் காவல்துறைக்கு அந்தப் பதிவுகள் தேவைப்பட்டன. அமெரிக்க நீதிமன்றங்கள் வழியாகக் கோரிக்கை வந்தது. நீண்ட வழக்காடலுக்குப் பிறகு சில பதிவுகள் கையளிக்கப்பட்டன. அதோடு அந்தத் திட்டத்தின் மீதிருந்த நம்பிக்கையும் போனது.

எனவே இன்றே செய்ய வேண்டியவை சில. கைபேசியின் கோப்புகள் தானாக இணையச் சேமிப்பகத்துக்குப் போகும் வசதியை நிறுத்துங்கள். பதிவை எந்த இணையச் செயலியிலும் போட்டு எழுத்தாக்க வேண்டாம், நெறியாளர் உட்பட யாருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம். இப்படி இரண்டு பதிவுகள் இருக்கின்றன, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் தருவதற்கு முன்பு எடுக்கப்பட்டவை என்பதை மட்டும் நெறியாளரிடம் சொல்லி, வைத்திருப்பதா அழிப்பதா என்று குழுவிடம் வழி கேளுங்கள். அனுமதிக்கு முன் சேகரித்ததை ஆய்வேட்டில் பயன்படுத்தப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விடுவதில்லை. அந்த இழப்பை இப்போதே மனதில் ஏற்றுக்கொள்ளுங்கள். பேசிய இருவரிடமும் நேரில் பார்க்க வாய்ப்பு வரும்போது உங்கள் வாக்குக்கு எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம்.

உங்கள் மூன்று போர்களும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன

சரி, இனி நெறியாளர் சொன்ன "வடிவமைப்பு இல்லை" என்பதற்கு வருவோம். உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று போர்கள், மூன்றிலும் பேச்சு முறிந்தது, மூன்றிலும் தலைவர்களுக்கு இடையே கடும் அவநம்பிக்கை இருந்தது, ஆகவே அவநம்பிக்கையே காரணம் என்று முடிக்கப் போகிறீர்கள். அவநம்பிக்கை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு வெற்றி பெற்ற இடங்களில் அது இல்லையா? வருடக்கணக்கில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள் நம்பிக்கையோடா மேசைக்கு வந்தார்கள்? முறிந்தவற்றை மட்டும் அடுக்கிவைத்தால், எல்லாப் போரிலும் பொதுவாக இருக்கும் ஒன்று காரணம் போலத் தெரியும். தேர்வுச் சார்பு என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள்.

ஆப்பிரிக்காவின் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் போர்ச்சுகலின் குடியேற்ற நாடுகள், இரண்டும் 1975இல் விடுதலை அடைந்தன. இரண்டிலும் சோவியத் ஆதரவு பெற்ற அரசு, தென்னாப்பிரிக்காவின் உதவி பெற்ற கிளர்ச்சி இயக்கம், நீண்ட போர். அங்கோலாவில் 1991 மே மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்தபோது இரு தரப்பும் படைகளை முழுமையாகக் கலைத்திருக்கவில்லை. தோற்ற கிளர்ச்சி இயக்கமான யூனிட்டாவின் தலைவர் சவிம்பி முடிவை ஏற்கவில்லை. சில வாரங்களில் போர் மறுபடி வெடித்து, இடையில் இன்னொரு ஒப்பந்தமும் வந்து முறிந்து, 2002இல் அவர் கொல்லப்பட்ட பிறகுதான் அடங்கியது. மொசாம்பிக்கில் 1992 அக்டோபரில் ரோமில் ஒப்பந்தம். தேர்தலைத் தள்ளிவைத்து, படைகளைக் கலைத்த பிறகு 1994இல் நடத்தினார்கள். அங்கே கிளர்ச்சி இயக்கமான ரெனாமோ தோற்றது, ஆனாலும் காட்டுக்குத் திரும்பவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு ஒப்பீடு இருக்கிறது. இரண்டு இடத்திலும் அவநம்பிக்கை உண்டு. முடிவு மட்டும் வேறு. ஆக, அவநம்பிக்கை மட்டும் போதுமான விளக்கம் இல்லை. அப்புறம் எது? தேர்தல் முதலில், ஆயுதக் களைவு பிறகு என்ற வரிசையா? ஐ.நா. அனுப்பிய ஆட்களின் எண்ணிக்கையா? அங்கோலாவுக்குச் சுமார் 350 இராணுவக் கண்காணிப்பாளர்கள் போனார்கள், மொசாம்பிக்குக்கு 6,000க்கும் மேற்பட்டவர்கள். அல்லது கனிம வளமா? யூனிட்டாவிடம் வைரம் இருந்தது. ரெனாமோவுக்கு அப்படி எதுவும் இல்லை, கூடவே கடும் வறட்சி. மூன்று வேறுபாடுகள், இரண்டே நாடுகள். இந்த ஜோடி மட்டும் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லாது. எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். அடுத்து எந்த நாட்டைச் சேர்ப்பது என்று அதிலிருந்துதான் தெரியும்: வளம் இருந்தும் ஒப்பந்தம் நிலைத்த இடம் எது, வளம் இல்லாமலும் முறிந்த இடம் எது?

இன்னொரு சிக்கலும் இதற்குள் ஒளிந்திருக்கிறது, எனக்கு இதைப் பேசப் பிடிக்கும். மொசாம்பிக்கில் தேர்தலுக்கு முன் படைக் கலைப்பு முடிய வேண்டும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் பூட்ரஸ் காலி 1992 டிசம்பரில் வலியுறுத்தியதற்குக் காரணமே அங்கோலா தோல்வி கண்முன் நின்றதுதான். அதாவது இவை இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி நிகழ்வுகள் அல்ல. ஒன்றின் தோல்வி மற்றொன்றின் திட்டத்துக்குள் போயிருக்கிறது. போர் ஆய்வில் இது அடிக்கடி நடக்கும். தளபதிகளும் மத்தியஸ்தர்களும் செய்தித்தாள் படிக்கிறார்கள், முந்தைய போரிலிருந்து பாடம் கற்கிறார்கள். அட்டவணையில் தனித்தனி வரிசையாகப் போட்டுவிட்டால் அந்தத் தொடர்பு மறைந்துபோகும்.

எந்த ஆண்டோடு கணக்கை முடிக்கிறீர்கள் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். மொசாம்பிக்கில் 2013இல் ரெனாமோவோடு மறுபடி மோதல்கள் தொடங்கின. ஐந்தாண்டு நிலைத்தால் வெற்றி என்று வரையறுத்தால் அது வெற்றி; இருபத்தைந்து ஆண்டு என்றால் சிக்கல். ருவாண்டாவில் 1993 ஆகஸ்டில் அருஷா ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சு முறியவில்லை, முடிந்தது. எட்டு மாதத்தில் இனப்படுகொலை. உங்கள் இப்போதைய வரையறைப்படி ருவாண்டா வெற்றிப் பட்டியலில் உட்கார்ந்துவிடும். பேச்சு தொடங்குவது, ஒப்பந்தம் ஆவது, ஒப்பந்தம் நிலைப்பது என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம். உங்கள் குடும்பம் வீடு திரும்பி மறுபடி ஓடியது எந்தக் கட்டத்தில் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆய்வு அந்தக் கட்டத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும். மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

கோட்பாட்டுக்கு வழிகாட்ட ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். போர் இரு தரப்புக்கும் இழப்பு என்றால், அந்த இழப்பைத் தவிர்க்கும் ஒரு பேரம் எப்போதும் இருக்க வேண்டுமே, பிறகு ஏன் போர் என்று அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபியரன் 1995இல் கேட்டார். அவர் சொன்ன விடைகளில் ஒன்று: இன்று கொடுக்கும் வாக்கை நாளை பலசாலியான பிறகும் காப்பாற்றுவேன் என்று ஒரு தரப்பால் நம்பும்படி உறுதி சொல்ல முடியாது. பார்பரா வால்டர் 1997இல் இதை உள்நாட்டுப் போருக்குப் பொருத்தினார். ஆயுதத்தைக் கீழே வைத்த மறுநாள் கிளர்ச்சியாளருக்கு எந்தக் காப்பும் இல்லை. வெளியிலிருந்து ஒரு மூன்றாம் தரப்பு பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராத இடங்களில் ஒப்பந்தம் நிலைப்பது கடினம் என்றார். நீங்கள் "அவநம்பிக்கை" என்று பொதுவாகச் சொன்னதை இவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு மாதிரி சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்: "ஒப்பந்தம் கையெழுத்தான உள்நாட்டுப் போர்களில், ஆயுதக் களைவுக்கு முன்பே தேர்தல் நடந்த இடங்களில் ஐந்தாண்டுக்குள் போர் மீண்டும் மூள்வது அதிகமா? ஆம் என்றால், தோற்ற தரப்பின் பாதுகாப்புப் பயம்தான் அதற்கு வழியாக இருந்ததா?"

தரவுத்தளம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நீங்கள் இறக்கி வைத்திருப்பது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் தரவு என்று புரிகிறது. உழைப்பும் நேர்மையும் கொண்ட வேலை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எதை எப்படி எண்ணினார்கள் என்று விளக்க அதோடு வரும் குறியீட்டுக் கையேட்டைப் படிக்காமல் ஒரு எண்ணையும் தொடாதீர்கள். ஓர் ஆண்டில் சண்டை தொடர்பான 25 இறப்புகள் இருந்தால்தான் அங்கே அது ஆயுத மோதல். 1,000ஐத் தொட்டால் அது போர். 1963இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய போர்த் தொடர்புகள் திட்டம் 1,000 என்ற எல்லையோடுதான் தன் பட்டியலை உருவாக்கியது. உங்கள் தலைப்பை இது நேராகப் பாதிக்கும். ஓர் ஆண்டு 30 இறப்பு, அடுத்த ஆண்டு 20, அதற்கடுத்த ஆண்டு 40 என்றால், பட்டியலில் மோதல் நின்று மறுபடி மூண்டதாக இருக்கும். அந்த ஊர்க்காரருக்கு அது ஒரே போர்தான், நடுவில் எந்தச் சமாதானமும் வரவில்லை. நீங்கள் "மீண்டும் போர்" என்று எண்ணப்போவதில் எத்தனை இப்படிப்பட்டவை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இறப்பை வைத்து அளப்பதில் இன்னொன்றும் உண்டு. போர்க்கள மருத்துவம் முன்னேறியதால், முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று காயத்தோடு பிழைக்கிறார்கள். ஆகவே இறப்பு குறைந்ததை வைத்துப் போர் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது என்று தனிஷா ஃபசால் 2014இல் எடுத்துக்காட்டினார்.

எண்ணிக்கைக்கே வராதவர்கள் யார் என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய கேள்வி. பெருவில் 1980 முதல் 2000 வரை நடந்த மோதலில் சுமார் 25,000 பேர் இறந்ததாக நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2003இல் அறிக்கை வெளியிட்ட உண்மை ஆணையம், வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியாகத் தொகுத்த பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே பெயர் எத்தனை பட்டியலில் திரும்ப வருகிறது என்பதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். கிடைத்த மதிப்பீடு 69,280. ஆணையத்துக்குத் தெரியவந்த பலியானவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பெரும்பாலும் மலைக் கிராமத்து மக்கள். அவர்கள் செத்தது தலைநகருக்குக் கேட்கவே இல்லை. பின்னாளில் இந்தக் கணிப்பு முறையையும் கேள்வி கேட்டு, குறைந்த எண்ணிக்கை சொன்ன ஆய்வும் வந்தது. அந்த விவாதத்தையும் படியுங்கள், முறையியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல பாடம். செய்தியாளர் போக முடிந்த இடம், சொல்ல ஆள் மிஞ்சிய இடம், சொன்னதை எழுதிக்கொள்ள ஆள் இருந்த இடம் இவையெல்லாம்தான் தரவில் இருக்கின்றன. உங்கள் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் "இது எப்படி என் கைக்கு வந்தது, எது வரவில்லை?" என்று எழுதி வையுங்கள். போரைப் படிக்கும் முறையியல் என்று நான் சொல்லித்தருவதில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கம்தான்.

கணக்கு பயம் பற்றி

புள்ளியியல் இல்லாமல் நல்ல போர் ஆய்வு செய்ய முடியும். ஆவணங்களை வைத்து, சில நாடுகளை ஆழமாக ஒப்பிட்டு எழுதிய எத்தனையோ ஆய்வுகள் இத்துறையின் அடித்தளமாக இருக்கின்றன. உடன் படிப்பவர்கள் சொன்னது தவறு. ஆனால் புள்ளியியல் ஆய்வைப் படித்து எடைபோடத் தெரியாமல் இருப்பது வேறு விஷயம்; அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் தலைப்பில் எழுதப்பட்டதில் ஏறத்தாழ பாதியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவோ ஒதுக்கவோ வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம். அமைதிப்படை போன இடங்களிலும் போர் திரும்ப வந்திருக்கிறது, எனவே அமைதிப்படையால் பயனில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியே இருப்பவர்களைவிட மருத்துவமனையில் இருப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதால் மருத்துவம் கொல்கிறது என்று சொல்வோமா? வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா இதைத்தான் ஆராய்ந்தார். அமைதிப்படைகள் பெரும்பாலும் சமாதானம் நிலைப்பது கடினமான இடங்களுக்கே அனுப்பப்படுகின்றன. அந்தக் கடினத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவை இருக்கும் இடத்தில் போர் திரும்பும் அபாயம் கணிசமாகக் குறைகிறது. இந்த வாதத்தைப் பின்தொடர நிகழ்தகவு, பின்னடைவுப் பகுப்பாய்வின் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) அட்டவணையை வாசிப்பது, விடுபட்ட தரவு என்ன செய்யும் என்பது, இவ்வளவு தெரிந்தால் போதும். ஆர் என்ற மென்பொருள் இலவசம். யாராவது வெளியிட்ட கட்டுரையின் தரவை எடுத்து, அவர்கள் அட்டவணையை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். பல ஆய்விதழ்கள் தரவையும் சேர்த்தே வெளியிடுகின்றன. பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிடச் சீக்கிரம் பயம் போகும்.

ஆவணமா, நேர்காணலா?

மீண்டும் களத்துக்குப் போய் முப்பது பேரைப் பேட்டி எடுப்பது உங்கள் திட்டம். இந்த ஆண்டு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். பேட்டி உயர்ந்தது, ஆவணம் தாழ்ந்தது என்று ஒரு எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இருபது வருடம் கழித்து ஒருவர் சொல்வதில், பிறகு நடந்தது எல்லாம் கலந்திருக்கும். பேச்சு முறிந்தது என்று தெரிந்த பிறகு "அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்று சொல்லாதவர் யார்?

ஆவணமும் அப்பழுக்கற்றது இல்லை. 1914இல் போர் மூண்டவுடன் ஐரோப்பிய அரசுகள், பேச்சு முறிந்ததற்கு எதிர்த்தரப்பே காரணம் என்று காட்ட, தங்கள் ராஜதந்திரக் கடிதங்களை அவரவர் நிற அட்டையில் புத்தகமாக வெளியிட்டன. வேண்டாததை விட்டுவிட்டு, சிலவற்றைத் திருத்தி வெளியிட்டன என்பது பின்னால் மூல ஆவணங்கள் திறந்தபோது வெளிப்பட்டது. அறிக்கைகளை மட்டும் வைத்து எழுதினால் அதே வலையில் விழுவீர்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் விளக்கம் சரியென்றால் ஆவணத்தில் என்ன இருந்தே தீர வேண்டும், எதைப் பார்த்தால் உங்கள் விளக்கம் விழுந்துவிடும் என்று ஆவணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பாதுகாப்புப் பயம்தான் காரணம் என்பது உங்கள் வாதமா? அப்படியானால் அந்தத் தரப்பு தனக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஆயுதத்தை எப்போது, யாரிடம் ஒப்படைப்பது என்பதே பேச்சாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் அமைச்சர் பதவி எத்தனை என்பதே பக்கம் பக்கமாக இருந்தால், உங்கள் வாதத்தை மாற்ற வேண்டியதுதான். ஒப்பந்த வாசகங்களுக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பிஏ-எக்ஸ் தொகுப்பு கைகொடுக்கும். 1990க்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் அதில் இருக்கின்றன. ஆயுதக் களைவு பற்றி எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒப்பிடலாம்.

களத்துக்கு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ போகலாம். அப்போதும் ஆபத்தை எடைபோட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 2016இல் கெய்ரோவில் தொழிற்சங்கங்கள் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு முனைவர் பட்ட மாணவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் போரைக்கூட ஆராயவில்லை. உங்களுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் நீங்கள் விட்டுவிட்டு வரும் உறவினர்களுக்கும் பேட்டி கொடுத்தவர்களுக்கும் அது காப்பு ஆகாது. எல் சால்வடாரில் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆய்வு செய்த எலிசபெத் வுட், சம்மதத்தை வாய்மொழியாகவே வாங்கினார். கையெழுத்திட்ட தாள் பேசியவருக்கே ஆபத்தாகிவிடும் என்பதால். யார் எந்தக் குற்றம் செய்தார் என்ற கேள்வியே உங்கள் வினாப்பட்டியலில் இருக்கக் கூடாது. உங்கள் தலைப்புக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் குடும்பம், உங்கள் மாமா

மறைக்க வேண்டாம். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பார்த்ததை மறக்க முடியாமல்தான் வாழ்நாளின் பிற்பகுதியை உலகின் போர்களை எண்ணிப் பட்டியலிடுவதில் கழித்தார். இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. போர் அவரைத் தொட்டது என்பது அவருடைய எண்ணிக்கையைக் கெடுக்கவில்லை. எப்படி எண்ணினார் என்பதை மற்றவர் சரிபார்க்கும்படி எழுதிவைத்தார், அதுதான் காரணம். உங்களுக்கும் அதே வழிதான்: வரையறைகளை முன்கூட்டியே எழுதுங்கள், உங்கள் நாட்டு ஆவணங்களை உங்கள் கதை தெரியாத இன்னொருவரையும் அதே வரையறைப்படி வகைப்படுத்தச் சொல்லி ஒப்பிடுங்கள். ஆய்வேட்டின் முன்னுரையில் இரண்டு பத்தியில் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நாட்டுப் போரை முதல் ஆய்வுப்பொருளாக வைக்காமல் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட யோசனை. மற்ற நாடுகளில் விளக்கம் உருவாகி நிற்கும்போது அதைக் கொண்டுபோய் உங்கள் ஊரில் சோதிப்பது எளிது, மனதுக்கும் பாரம் குறைவு.

மாமாவைப் பற்றி நீங்கள் நேரடியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் முன்னாள் போராளிகளிடம் நீங்கள் கேட்ட கேள்விகளில் இரண்டு, அவர் கடைசியாக இருந்த பகுதியைப் பற்றியவை. தவறு என்று சொல்லவில்லை, யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஆனால் தேடலும் ஆய்வும் ஒரே பேட்டிக்குள் இருக்க முடியாது. எதிரில் இருப்பவர் அதை உணர்ந்துவிடுவார், ஒன்று மூடிக்கொள்வார், அல்லது நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்வார். காணாமல் போனவருக்கு என்ன ஆனது என்று அறிவது குடும்பத்தின் உரிமை. 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையும், உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சட்டமும் அதை ஏற்கின்றன. அந்தத் தேடலைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு வழியாகத் தனியாக நடத்துங்கள். இதற்கென்றே அவர்களிடம் ஒரு தேடல் பிரிவு இருக்கிறது, விவரங்களை ரகசியமாகவும் வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

சாட்சியங்களை இரவில் படிக்காதீர்கள். தூக்கம் கெட்டால், அதே நிகழ்ச்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தால், படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதற்காகத் தவணை நீட்டிப்புக் கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

நான்கு மாதங்களில்

முதல் மாதம் முழுவதையும் கேள்வியை ஒரு வாக்கியமாக்குவதற்குக் கொடுங்கள். கூடவே ஃபியரன், வால்டர், ஃபோர்ட்னா மூவரையும் படித்து, ஒவ்வொருவரும் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று அரைப்பக்கம் எழுதுங்கள். இரண்டாம் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தான போர்கள் எல்லாவற்றையும், நிலைத்ததும் முறிந்ததும் சேர்த்து, ஒரே பட்டியலாக்குங்கள். அதிலிருந்து எந்த விதிப்படி நான்கை எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாம் மாதம் அந்த நான்குக்கும் என்ன ஆவணங்கள் திறந்திருக்கின்றன, எந்த மொழியில் இருக்கின்றன என்று பாருங்கள். மொழி தெரியாத நாட்டை இப்போதே கழற்றிவிடலாம். நான்காம் மாதம் எழுதுவதற்கு.

நெறியாளரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பதிவுகள் பற்றிய விஷயத்தை முதலில் சொல்லுங்கள். அப்புறம் "என் விளக்கம் தவறென்றால் எந்த நாட்டில் அது முதலில் தெரியும்?" என்று கேளுங்கள். அவர் எந்த நாட்டைச் சொல்கிறாரோ, அதை உங்கள் நான்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.